மாப்பிள்ளை போட்ட மூடி

மழை கொட்டித் தீர்த்த மூன்று நாளும் மாமனார் வீட்டுப் புகைபோக்கியில் ஒரு சொட்டு ஒழுகவில்லை. நாலாம் நாள் மழை விட்டது, காற்றும் அடங்கியது, கடலிலிருந்து பனிமூட்டம் எழுந்து வந்து தெருவை மூடியது. அன்றைக்குத்தான் ஒழுகியது.

"மழைக்கு உங்க ரிப்பேர் பிரமாதமா நிக்குது, மாப்பிள்ளை," என்றார் மாமனார் போனில். "மழை இல்லாத நாளைக்கு என்ன செய்யறதுன்னு மட்டும் சொல்லிட்டீங்கன்னா நான் போனை வச்சிடறேன்."

போனின் மறுமுனையில் மாப்பிள்ளையான டாக்டர் ஏணியைத் தேடினான். டாக்டர் என்பது ஊர் வைத்த பெயர். முழுசாகச் சொன்னால் ஒழுகல் டாக்டர். ஓட்டுக்கூரை, மொட்டைமாடி, புகைபோக்கி, எது ஒழுகினாலும் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நிற்பான். கடலோரத்தில் அந்த வேலைக்குப் பஞ்சமே கிடையாது. உப்புக்காற்று தகரத்தைத் தின்னும், ஆணியைத் தின்னும், செங்கல் இடுக்கில் பூசிய காரையைக்கூட விடாது. தின்ற இடத்தில் தண்ணீர் இறங்கும். இறங்குகிற இடத்தை இவன் அடைப்பான். பத்து வருஷத் தொழிலில் இவன் படித்த படிப்பே அவ்வளவுதான். ஓட்டை தெரிந்தால் அடை. தெரியாவிட்டால் எல்லாவற்றையும் அடை.

கல்யாணமான அடுத்த வாரமே மாமனார் வீட்டு முன்னறைக் கணப்புக்குள், அதாவது குளிருக்கு விறகு எரிக்கிற அந்தக் காலத்துச் சுவர் அடுப்புக்குள், மழைத்தண்ணீர் இறங்குகிறது என்று தெரிந்தபோது புது மாப்பிள்ளைக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. வித்தையைக் காட்ட இதைவிடத் தோதான இடம் ஏது? ஏறிப் பார்த்தான். கூரையும் புகைபோக்கியும் சேருகிற இடத்தில் சுற்றி அடித்திருந்த தகரம் துருவேறிச் சருகாகக் கிடந்தது. பிய்த்து எறிந்துவிட்டுப் புது அலுமினியப் பட்டை அடித்தான். அரை நாள் வேலை. அத்தோடு இறங்கியிருக்கலாம். ஆனால் கீழே மாமனார் கண்ணுக்கு மேல் கையை வைத்து அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார். பார்க்கிறவர் பெண் கொடுத்தவர். அரை நாளில் இறங்கினால் என்ன நினைப்பார்?

அந்தக் கணப்பில் விறகு எரித்துப் பல வருஷம் ஆகியிருந்தது. புகையே போகாத புகைபோக்கிக்கு வாய் எதற்கு என்று ஒரு கான்கிரீட் பலகையைத் தூக்கி மேலே வைத்து, சுற்றிச் சிமெண்ட் பூசி, எறும்புகூட நுழைய முடியாதபடி மூடினான். யாரும் கேட்காத வேலை.

"இது எக்ஸ்ட்ரா, மாமா."

மாமனார் முதுகில் தட்டிக்கொடுத்தார். அந்தத் தட்டலின் சுகம் இரண்டு மாதம் தாங்கியது. பனிக்காலம் தொடங்கியதும் மறுபடி ஒழுகியது.

இவன் மறுபடி போனான். செங்கல் இடுக்கையெல்லாம் சுரண்டிப் புதுக்காரை பூசினான். ஒழுகியது. புகைபோக்கி முழுக்க நீர் புகாத பெயிண்ட் அடித்தான். இன்னும் கொஞ்சம் தாராளமாகவே ஒழுகியது. கணப்புக்கு மேலே மாட்டியிருந்த கல்யாணப் போட்டோவுக்குப் பின்னாலிருந்து பழுப்பு நிறத்தில் ஒரு கறை இறங்கி, கண்ணாடிக்குள் புகுந்து, மாப்பிள்ளையின் தலைமுடிவரை வந்திருந்தது.

"பொண்ணு பக்கம் நல்லாத்தான் இருக்கு," என்றார் மாமனார்.

மாமனார் துறைமுகத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். எந்தக் கப்பல் எப்போது வந்தது, காற்று எந்தப் பக்கம் அடித்தது என்று நோட்டில் எழுதுவதுதான் வேலை. ரிட்டயரான பிறகு எழுத ஒன்றும் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்த மனுஷனுக்கு மருமகன் ஒரு ஒழுகலைக் கொடுத்தான். புது நோட்டு வாங்கிவிட்டார்.

போன் வந்த அந்தப் புதன்கிழமையே டாக்டரும் அவன் மனைவியும் போனபோது அந்த நோட்டு கணப்பு விளிம்பில் விரித்து வைத்திருந்தது. மழை, ஒழுகல் இல்லை. மழை, ஒழுகல் இல்லை. மூட்டம், ஒழுகல் உண்டு. எழுத்தைப் பார்க்கப் பார்க்க டாக்டருக்குத் தலை சுற்றியது. தண்ணீர் கொட்டும்போது வராத தண்ணீர், தண்ணீரே இல்லாதபோது எங்கிருந்து வருகிறது?

இரண்டு வாளித் தண்ணீரில் நீலச்சாயம் கலந்து மேலே கொண்டுபோய் ஊற்றினான். நீலமாக வந்தால் வழி தெரிந்துவிடும். கீழே மனைவி டார்ச்சை வைத்துக்கொண்டு கணப்புக்குள் தலையை விட்டிருந்தாள்.

"வருதா?" என்று மேலேயிருந்து கேட்டான்.

"ஒண்ணும் வரல. கழுத்துதான் வலிக்குது."

இறங்கி வந்து பார்த்தான். கணப்பில் வைத்த தகர பேசினில் காலையில் சொட்டிய பழுப்புத் தண்ணீர் மட்டும் கிடந்தது. மாமனார் அதில் விரலைத் தொட்டு நாக்கில் வைத்தார்.

"உப்பு இல்ல. கடல் தண்ணி இல்ல, மாப்பிள்ளை."

"அத எதுக்கு வாயில வைக்கிறீங்க?" என்று மாமியார் தலையில் அடித்துக்கொண்டார். "மாப்பிள்ளை, நீங்க உக்காருங்க. டீ கொண்டாறேன்."

முன்னறை எப்போதும்போலத் துடைத்து வைத்தாற்போல் இருந்தது. மூலையில் மின்சார ஹீட்டர். எதிரெதிர்ச் சுவர்களில், ஆள் உயரத்துக்குச் சற்று மேலே, இரண்டு இரும்புக் கொக்கி. அது எதற்கு என்று கேட்க வாயெடுத்தவனிடம் மாமனார் முந்திக்கொண்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. வெள்ளிக்கிழமை பெரிய மேஸ்திரிய வரச் சொல்லியிருக்கேன். சும்மா ஒரு தடவை பாக்கட்டும்."

வந்த டீயை இவன் குடிக்காமல் கீழே வைத்தான். பெரிய மேஸ்திரியும் இதே தொழில்தான். போதாததற்கு டீக்கடையில் உட்கார்ந்தால் நாலு தெருவுக்குக் கேட்கிற குரல். டாக்டரோட மாமனார் வீட்டுக் கூரையிலயே நான்தான் ஏறினேன் என்று அந்தக் குரல் ஒரு தடவை சொல்லிவிட்டால் போதும். அப்புறம் இந்த ஊரில் எவன் டாக்டரைக் கூப்பிடுவான்?

திரும்பும் வழியில் மனைவி சொன்னாள்: "மேல ஊத்தினது கீழ வரல. அப்ப மேலேர்ந்து வரல. அவ்ளோதான?"

"சிம்னிக்குள்ள தண்ணி வேற எங்கேர்ந்து வரும்? கீழேர்ந்து மேல ஏறிப்போய்த் திரும்பி வருதா?"

"எனக்கென்ன தெரியும். டாக்டர் நீதான்."

வியாழக்கிழமை காலை எட்டடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாதபடி மூட்டம். இன்று கட்டாயம் ஒழுகும். மற்ற நாளென்றால் வருகிறேன் என்று போன் செய்துவிட்டுத்தான் மாமனார் வீட்டுக்குப் போவான். அது ஒரு மரியாதை. அன்று செய்யவில்லை. தோற்கப்போகிறவன் முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போவானேன்? பின்பக்கமாக ஏணியைச் சாத்தி ஏறினான்.

மேலே எல்லாம் கச்சிதமாக இருந்தது. அலுமினியப் பட்டை அப்படியே இருந்தது. காரையில் ஒரு கீறல் இல்லை. திறந்து பார்க்காத இடம் ஒன்றுதான் பாக்கி. இவன் போட்ட மூடி. உளியை வைத்துச் சுத்தியலால் ஓரத்தைத் தட்டித் தட்டிச் சிமெண்டைப் பெயர்த்தான். பலகையை ஒரு பக்கம் நெம்பித் தூக்கியதும் குபுக்கென்று வெதுவெதுப்பான ஈரக்காற்று முகத்தில் அடித்தது. கரிநாற்றம் வரும் என்று மூக்கைச் சுளித்துக்கொண்டிருந்தான். வந்தது சோப்பு வாசனை.

டாக்டர் அப்படியே உட்கார்ந்துவிட்டான். புகைபோக்கியில் புகை வரலாம், கரி வரலாம், குருவிக்கூடு வரலாம். துணி துவைக்கிற சோப்பு ஏன் வருகிறது? தவறான வீட்டில் ஏறிவிட்டோமோ என்று ஒரு கணம் எட்டிக்கூடப் பார்த்தான். மூட்டத்தில் தெருவே தெரியவில்லை. பலகையின் அடியில் கையை விட்டுத் தடவினான். முத்து முத்தாகத் தண்ணீர். கையை வெளியே எடுத்தால் உள்ளங்கை முழுக்கப் பழுப்பு.

விறுவிறுவென்று இறங்கி, செருப்பைக்கூடக் கழற்றாமல் முன்னறைக் கதவைத் தள்ளினான்.

கொக்கிக்குக் கொக்கி கயிறு கட்டியிருந்தது. கயிறு நிறைய ஈரத்துணி. மாமனாரின் பனியன் நாலு, மாமியாரின் பாவாடைகள், போர்வை, துண்டு. அடியில் ஹீட்டர் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. ஒரு பனியனை உதறிக்கொண்டிருந்த மாமியார் இவனைக் கண்டதும் அதை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார்.

"ஐயையோ, வர்றேன்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? இருங்க, இருங்க, ஒரு நிமிஷத்துல எடுத்துடறேன்."

"அத்தை, எடுக்காதீங்க."

"மாப்பிள்ளை வந்து நிக்கிற எடத்துல மாமனார் பனியன் தொங்கணுமா? நல்லா இருக்கு."

"நான் வர்றப்பல்லாம் எடுத்துடுவீங்களா?"

"பின்ன? நீங்க போன் பண்ணதும் மொத வேலை அதான்."

டாக்டர் ஸ்டூலில் உட்கார்ந்தான். "எவ்ளோ நாளா இங்க காயப்போடறீங்க?"

"இந்த வீட்டுக்கு வந்த நாள்லேர்ந்து. மூட்டத்துல வெளிய போட்டா உப்பு ஏறித் துணி பிசுபிசுன்னு ஆயிடுமே."

"மழை பெஞ்சா?"

"மழையில நான் துவைக்கவே மாட்டேன். கல்லு வெளியதான கெடக்கு."

பேசினில் டொக் என்று ஒரு சொட்டு விழுந்தது. துணியின் ஈரம் சூடாகிப் புகைபோக்கிக்குள் ஏறுகிறது. முன்பெல்லாம் மேலே வாய் திறந்திருந்தது, பேசாமல் போய்விட்டது. இப்போது இவன் போட்ட மூடியில் முட்டி, குளிர்ந்து, தண்ணீராகி, உள்சுவர்க் கரியைக் கழுவிக்கொண்டு திரும்பி இறங்குகிறது. அப்படியானால் முதல் நாள் அரை வேலையிலேயே ஒழுகல் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு ஒழுகியதெல்லாம் எக்ஸ்ட்ரா.

இந்த வீட்டு ஒழுகலைக் கண்டுபிடித்ததற்குச் சந்தோஷப்படுவதா, உண்டாக்கியதற்கு வெட்கப்படுவதா என்று தெரியாமல் டாக்டர் பனியன்களைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

சாயங்காலத்துக்குள் பலகையை முழுசாக எடுத்துவிட்டு, நாலு கால் வைத்த தகரத் தொப்பி ஒன்றை மாட்டினான். மழை உள்ளே போகாது, காற்று வெளியே போகும்.

வெள்ளிக்கிழமை டாக்டரும் மனைவியும் அங்கே இருக்கும்போதே பெரிய மேஸ்திரி வந்தார். ஏறினார், சுற்றிப் பார்த்தார், இறங்கினார்.

"தொப்பி நல்ல வேலை. ஆனா அதுக்கு முன்னாடி மூடி போட்டு ஒடச்ச தடம் இருக்கு," என்று தெருவுக்கே கேட்கும்படி ஆரம்பித்தார். "எந்தப் புத்திசாலி போட்டது அது?"

மாமனார் நோட்டைப் புரட்டினார். மாமியார் கதவுக்குப் பின்னால் போனார். மனைவி இவனைப் பார்த்தாள். முன்னாடி யாரோ போட்டிருக்காங்க என்று ஒரு வாக்கியம் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் அந்த நோட்டில் தேதியோடு எல்லாம் இருந்தது.

"நான்தான் போட்டேன்," என்றான். மூடி, சோப்பு வாசனை, துணி, பேசின், ஒன்று விடாமல் சொன்னான்.

பெரிய மேஸ்திரி சிரிக்கவில்லை. அதுதான் டாக்டருக்குப் புரியவில்லை. அவர் துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். குரல் பாதியாக இறங்கியது.

"வீட்டுக்குள்ள துணி காயப்போட்டாலே இப்படி ஆகுமா?"

"வாய மூடிட்டா ஆகும்."

"ம். கடற்கரைத் தெருவுல மூணு வீட்டுக்கு நானும் மூடி..." பாதியில் நிறுத்திக்கொண்டு ஏணியைத் தூக்கினார். "சரி, எனக்கு வேற வேலை இருக்கு." டீக்கடைப் பக்கம் திரும்பாமல் கடற்கரைத் தெருப் பக்கமாக வேகமாக நடந்தார்.

மாமனார் பேனா மூடியைக் கழற்றினார். "அப்ப மொத நாளே சரியாயிடுச்சு."

"ஆமா, மாமா."

"அப்புறம் மூணு தடவை வந்தது?"

"நான் போட்டத நானே தேடிட்டு இருந்திருக்கேன்."

மாமனார் ஏதோ எழுதினார். நீளமாக எழுதினார். இவன் எட்டிப் பார்ப்பதற்குள் நோட்டை மூடிவிட்டார். முதுகில் தட்டவுமில்லை, முகத்தைத் திருப்பவுமில்லை. "டீ குடிச்சிட்டுப் போங்க" என்றார், அவ்வளவுதான்.

பத்து நாள் கழித்து மறுபடி மூட்டம். முறையாகப் போன் செய்துவிட்டுத்தான் டாக்டர் மனைவியோடு போனான். கதவு திறந்தே இருந்தது. கொக்கிக்குக் கொக்கி கயிறு, கயிறு நிறையத் துணி.

"குனிஞ்சு வாங்க, மாப்பிள்ளை," என்றார் மாமியார் உள்ளேயிருந்து.

சரியாகக் குனியவில்லை. மாமனாரின் பனியன் ஒன்று சில்லென்று நெற்றியில் ஒட்டி விலகியது. கணப்பில் பேசின் காய்ந்து கிடந்தது. மாமனார் நோட்டில் "மூட்டம், ஒழுகல் இல்லை" என்று எழுதிவிட்டு, நகர்ந்து இடம் கொடுத்தார். பனியனுக்குக் கீழே ஸ்டூலில் உட்கார்ந்து, இந்த வீட்டில் தன் மரியாதை ஏறியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா என்று டாக்டர் யோசித்தான். ஒன்றும் பிடிபடவில்லை. கழுத்தில் ஒரு சொட்டு விழுந்தது. சட்டென்று நிமிர்ந்து கூரையைப் பார்த்தான்.

"அது துணிதான்," என்றாள் மனைவி.