இரண்டாவது குண்டில் சாவு

ஐரோப்பாவின் தலைவிதி அந்தக் குன்றின் மேல்தான் முடிவானது. பெரும் பேரரசுகள் அங்கே மோதின, அரியணைகள் ஆடின, வரலாறு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. ஆறு தடவை நின்றது. முதல் ஐந்து தடவையும் பின்னால் கூட்டுறவுப் பண்ணையின் டிராக்டர் முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டு குறுக்கே போய்விட்டது. அதை நிறுத்தச் சொல்லப் பேரரசருக்கு அதிகாரம் கிடையாது. மாவட்டக் கமிட்டியின் கையெழுத்து வேண்டும்.

பாந்தெலிமோன் உர்ஸு என்கிற பாந்தெ, பேரரசரின் பழைய காவற்படையில் முதல் வரிசை வீரர். மற்ற நாட்களில் புசாவு மலையடிவாரத்துப் பண்ணையில் மாட்டுக்கொட்டகை பார்ப்பவர். வயது ஐம்பத்திரண்டு. தலைநகர் புக்காரெஸ்டிலிருந்து சினிமாக்காரர்கள் வந்து பிரெஞ்சு ராணுவத்துக்கு ஆள் கேட்டபோது, பண்ணைத் தலைவர் நாற்பது பேரை லாரியில் ஏற்றி அனுப்பினார். அவர்களில் பாந்தெயும் ஒருவர். மூன்று வாரமாகத் தலையில் ஆட்டுக்கிடாய் கனத்தில் ஒரு ரோமத் தொப்பி, காலில் இரண்டு அளவு சின்ன பூட்ஸ். ஒரு நாளைக்கு எட்டுத் தடவை குன்றின் மேல் ஓட்டம். முழங்கால் இரண்டும் கழன்று வேறு யாருடையதோ போல ஆகிவிட்டன. அவருக்கு இப்போது ஒரே ஒரு ஆசைதான் மிச்சம். வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் செத்துவிட வேண்டும்.

காரணம் இருந்தது. வீட்டில் மூன்று பீப்பாய் ப்ளம் பழ ஊறல் பொங்கித் தணிந்து தயாராக இருந்தது. ஊருக்கே ஒரு சாராயம் காய்ச்சும் கொப்பரை. முறை வைத்துத்தான் தருவார்கள். பாந்தெயின் முறை சனிக்கிழமை காலை. தவறினால் அடுத்த முறை மூன்று வாரம் கழித்து. அதற்குள் ஊறல் புளித்துக் காடியாகிவிடும். வருஷம் முழுக்கக் கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் வீட்டில் ஒரு சொட்டு இருக்காது. மனைவி ஸ்மராந்தா புதன்கிழமை லாரிக்காரனிடம் சொல்லி அனுப்பியிருந்தாள்: "சண்டை முடிஞ்சாலும் சரி முடியாட்டியும் சரி, சனிக்கிழமை விடியிறப்போ கொப்பரைகிட்ட நிக்கணும்னு சொல்லு."

வாரத்தில் ஒரு தடவையாவது செத்தவர்கள் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்குப் போகலாம்; சாகாதவர்களுக்குச் சனிக்கிழமையும் ஓட்டம். அதுதான் அங்கே சட்டம். தினமும் காலையில் சாவுப் பட்டியல் வாசிப்பார்கள்: யார் முதல் குண்டில், யார் இரண்டாவதில், யார் கத்திக்குத்தில். முதல் குண்டுக்காரன் பாக்கியவான். விழுந்ததும் அப்படியே படுத்துக்கிடக்கலாம். உயிரோடு இருக்கிறவன்தான் ஓட வேண்டும். அதனால் நல்ல சாவுக்குச் சிகரெட் பாக்கெட் கைமாறும். 

ஆனால் பாந்தெக்கு மட்டும் சாவு வரவில்லை. அவருடைய மீசைதான் வினை. படையில் பாதிப் பேருக்குப் பசை போட்டு ஒட்டிய மீசை. அவர்கள் காலையில் பிரெஞ்சுக்காரனாகச் சாவார்கள். மத்தியானம் வேறு மீசை ஒட்டிக்கொண்டு ஆஸ்திரியனாக உயிர்த்தெழுவார்கள். பாந்தெயின் மீசை சொந்த மீசை. இரண்டு பக்கமும் குதிரை வால் போல இறங்கும். இயக்குநர் தோழர் ஹொரியா ப்ரான் முதல் நாளே அதைப் பார்த்துக் கண் கலங்கி, "இது ஒரு யுகத்தின் முகம்" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அந்த யுகம் ஓடிக்கொண்டே இருந்தது.

"என்னண்ணே, இன்னிக்கும் உசிரோடதானா?" என்று கேட்டான் தொடெர். கொடி பிடிப்பவன், ஊரில் வண்டி ஓட்டுகிறவன். இதுவரை பதினோரு தடவை செத்திருந்தான்.

"நீ பேசுவடா. உனக்கென்ன, ஒட்டு மீசை. மகராசன்."

"எனக்கு முதல் குண்டு. கொடியோட விழணுமாம். நீ வேணா அந்த மீசைய எடுத்துரேன்."

"எடுத்தா ஸ்மராந்தா வாசல்ல நுழைய விடமாட்டா. இருவத்தெட்டு வருசமா மீசையோட பார்த்தவ."

வியாழக்கிழமை பாந்தெ பட்டியலை நம்பாமல் தானே செத்துப் பார்த்தார். முதல் பீரங்கி வெடித்ததும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பாதி வழியில் சாய்ந்தார். புல் மெத்தென்று இருந்தது. கண்ணை மூடியதும் ஒலிபெருக்கி அலறியது.

"கட், கட். முதல் வரிசையில யாரு அனுமதி இல்லாம செத்தது?"

முன்னூறு பேர் ஓட்டத்தை நிறுத்தி அவரைப் பார்த்தார்கள். பாந்தெ எழுந்து தொப்பியைத் தேடினார்.

"தோழர், கால் தடுக்கிருச்சு."

"பேரரசரோட காவற்படைக்குக் கால் தடுக்காது. திரும்ப மேல ஓடுங்க."

அன்று பத்துத் தடவை ஓடினார்கள். யாரும் அவரோடு பேசவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பட்டியல் எழுதும் கஸாந்திராவிடம் போய் நின்றார். எந்த முகம் எங்கே செத்தது, எந்தப் பொத்தான் அறுந்திருந்தது என்று எல்லாவற்றையும் நோட்டில் குறித்து வைப்பவள் அவள். மூன்று வாரமாகத் தூங்காத கண்கள்.

"தோழர், இன்னிக்கு என்னைக் கொன்னுடுங்க."

"முடியாதுண்ணே. உங்க முகம் கடைசிவரைக்கும் வேணும்னு இயக்குநர் சொல்லியிருக்காரு."

"நாளைக்கு எனக்கு கொப்பரை முறை."

அவள் பேனாவை நிறுத்தினாள். "எத்தனை பீப்பாய்?"

"மூணு."

"ப்ளம்மா, ஆப்பிளா?"

"சுத்தமான ப்ளம். ஆப்பிள் கலக்கிறவன் நான் இல்ல."

"எங்கப்பாவும் வல்சியாப் பக்கம் காய்ச்சுறவரு. ஒரு தடவை முறை தவறிப்போச்சு. பாவம், ரெண்டு மாசம் யார்கிட்டயும் பேசல." அவள் நோட்டைப் புரட்டினாள். "கொடிக்காரன் பக்கத்துல ஒரு பிணம் குறையுது. இரண்டாவது குண்டு. ஆனா சாயங்காலம் பேரரசர் பிணங்களுக்கு நடுவுல நடந்து வந்து பேசுவாரு. அது முடியிறவரைக்கும் அசையக் கூடாது. மீசையைக் கீழ பார்த்து வச்சுக்கங்க. இயக்குநர் கேட்டா, மாவீரன் ஒருத்தன் சாகணும்னு கதை கேட்குதுன்னு சொல்லிக்கிறேன்."

"ஒரு பாட்டில் அனுப்புறேன்மா."

"முதல்ல வர்றது தொண்டையை எரிக்கும், வேணாம். நடுவுல இறங்குறதா அனுப்புங்க."

இரண்டாவது குண்டு வெடித்தது. பாந்தெ அரசாங்க அனுமதியோடு, பட்டியலில் பெயர் எழுதப்பட்டு, முறைப்படி செத்தார். தொடெர் ஏற்கெனவே கொடியோடு பக்கத்தில் கிடந்தான். மேலே உயிரோடிருந்தவர்கள் இரைத்துக்கொண்டு ஓடும் சத்தம் கேட்டது. அதைவிட இனிமையான சத்தத்தை அவர் வாழ்நாளில் கேட்டதில்லை.

"அண்ணே, எப்படியிருக்கு?" என்று உதடு அசையாமல் கேட்டான் தொடெர்.

"இப்பத்தான்டா மனுசனா இருக்கேன்."

மத்தியானத்துக்கு மேல் பூட்ஸ் கடிக்க ஆரம்பித்தது. கேமரா தொலைவில் இருந்த நேரம் பார்த்து, ஒரு காலால் மறு காலை உந்தி இரண்டையும் கழற்றிவிட்டார். பிறகு கண்ணை மூடினார். மூன்று வாரத்துத் தூக்கம் ஒரே தவணையில் வந்து இறங்கியது.

சாயங்காலம் பேரரசர் வந்தார். தேசிய நாடக அரங்கின் பெரிய நடிகர், வசனம்தான் மனசில் நிற்காது. நான்கு தடவை தப்பாகச் சொன்னார். வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. பிணங்கள் விறைத்துக் கிடந்தன. ஐந்தாவது தடவை எல்லாம் சரியாக வந்தது: "இவர்கள் உறங்கவில்லை. வரலாற்றின் நெஞ்சில் விழித்திருக்கிறார்கள்." இயக்குநர் அழுதார். சூரியன் இறங்கிவிட்டது. பாந்தெக்கு இது எதுவும் தெரியாது. தொடெர் தோளைப் பிடித்து உலுக்கியபோதுதான் விழித்தார்.

"எந்திரிண்ணே. லாரி போகுது."

"நான் அசைஞ்சேனாடா?"

தொடெர் கொடியைச் சுருட்டினான். "எல்லாரும் பேரரசரைத்தான் பார்த்தாங்க," என்றான்.

சனிக்கிழமை விடியும்போது பாந்தெ கொப்பரைக்கு விறகு தள்ளிக்கொண்டிருந்தார். அந்த வருஷச் சாராயம் கண்ணீர் மாதிரித் தெளிவாக இறங்கியது. நடுவில் இறங்கியதில் ஒரு பாட்டில் புக்காரெஸ்டுக்குப் போனது.

அடுத்த வசந்தத்தில் படம் புசாவுக்கு வந்தது. ஊரே லாரியில் கிளம்பியது. மீசைக்கு மெழுகு போட்டிருந்தார் பாந்தெ. படம் தொடங்குமுன் மாவட்டக் கலாச்சாரத் தோழர் மேடையேறி, தலைநகரப் பத்திரிகையில் வந்த விமர்சனத்தை வாசித்தார். படத்தின் சிகரம் பேரரசரின் உரை அல்லவாம். கீழே கிடக்கும் பெயர் தெரியாத ஒரு வீரனாம். உயிர் பிரியும் கடைசி நொடியில் அவன் நடுங்கும் கையால் தன் கொடியைப் பற்றித் தன் மேல் இழுத்துக்கொள்கிறானாம். எளிய மக்களின் தியாகத்தை இவ்வளவு அடக்கத்தோடு இதுவரை எந்தத் திரையும் காட்டியதில்லையாம். "அந்த வீரர் நம் மாவட்டத்தின் புதல்வர்," என்றார் தோழர். எல்லாரும் திரும்பிப் பார்த்துக் கைதட்டினார்கள். பாந்தெ எழுந்து தலை குனிந்தார். என்ன செய்தோம் என்று அவருக்கு நினைவில்லை. ஆனால் செய்திருக்கக்கூடியவர்தான் என்று தோன்றியது.

இரண்டு மணி நேரம் கழித்து அந்தக் காட்சி வந்தது. பேரரசர் பேசினார். பின்னால் ஒரு கை மெதுவாக நீண்டு, கொடியின் ஓரத்தைத் தேடிப் பிடித்து, முகவாய்வரை இழுத்துக்கொண்டது. பிறகு அந்த வீரன் பக்கவாட்டில் ஒருக்களித்து, முழங்காலை மடக்கி, இன்னும் கொஞ்சம் இழுத்தான். பக்கத்துப் பிணத்தின் கை கொடியைத் திரும்பப் பிடுங்கப் பார்த்துத் தோற்றது.



"வீட்லயும் இதேதான்," என்றாள் ஸ்மராந்தா, தாழ்ந்த குரலில். "போர்வையில எனக்குன்னு ஒரு முழம்கூட விடமாட்டாரு."

கொடி மேலே போனதால் கால்கள் வெளியே வந்துவிட்டன. திரையில் அவை ஆள் உயரத்துக்குத் தெரிந்தன. இடது காலுறையில் ஓட்டை இருந்தது.