கேட்டு வாங்கிய ஞாயிறு

டொரதி நாலு வருசமாக யாரிடமும் எதையும் கேட்டதில்லை. உப்புத் தீர்ந்தாலும் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டமாட்டாள். உப்பில்லாமலே தின்றுவிட்டு எழும்புவாள். ரோசக்காரி என்று மஹய்யாவ ஊர் முழுக்கப் பேச்சு. ரோசமாவது மண்ணாங்கட்டியாவது! கடைசியாக ஒன்றைக் கேட்டுத்தான் புருசனைப் பறிகொடுத்தோம் என்று நம்பியிருந்தாள்.

கேட்டது ஒரேயொரு ஞாயிற்றுக்கிழமை. மகள் ஜெஸ்மினுக்குப் புது நன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். "அப்பா இல்லாம பிள்ளை தனியாக் கோயிலுக்குப் போறதா? டியூட்டிய மாத்திக்கிட்டு வாங்க" என்று மூன்று நாள் நச்சரித்தாள். புருசன் சார்ஜன் கிளறன்ஸ் பொலிசுக்குப் போய்வந்து, "மாத்தியாச்சி, போதுமா தாயே?" என்று கும்பிட்டுச் சிரித்தார். அந்த ஞாயிற்றுக்கு முந்தின நாள், சனிக்கிழமை பகல், ஹந்தானை ரோட்டில் களவு மரம் ஏற்றிவந்த லொறியை மறித்தார். லொறி நிற்கவில்லை. ஞாயிற்றுக்குப் பதிலாகத்தான் சனிக்கிழமை டியூட்டிக்கு நின்றார் என்று டொரதி தானாகவே முடிச்சுப் போட்டுக்கொண்டாள். பாவசங்கீர்த்தனத்தில்கூட அதைச் சொல்ல வாய் வரவில்லை.

இந்த வருச நினைவுப் பூசைக்குப் பிறகு வீட்டுக்கு வந்தவர்களில் கான்ஸ்டபிள் ரஸீனும் இருந்தார். கிளறன்சோடு ஒன்றாக வேலை செய்தவர். அடக்கம் முடிந்த வாரமே அம்பாறைக்கு மாற்றலாகி, போன மாசந்தான் கண்டிக்குத் திரும்பியிருந்தார். அவருக்குத் தேத்தண்ணி கொடுத்துவிட்டு, டொரதி சுவரிலிருந்த கிளறன்சின் படத்துக்கு மாலை போட, ஏறி நிற்கக் கதிரையை இழுத்தாள். ஒரு கால் ஆடும் கதிரை. பிடிக்க வந்த ஜெஸ்மினை வழக்கம்போல விரட்டிவிட்டாள்.

ரஸீன் ஜெஸ்மினைப் பார்த்தார். "மாஷா அல்லாஹ், எவ்வளவு வளந்துட்டா! இவட புது நன்மைக்குத்தானே அந்த ஞாயிறு அவர்ட டியூட்டிக்கு நான் நிக்க ஈந்த."

நாலு வருசம் அடைத்துக் கிடந்தது டொரதியின் வாயில் வந்துவிட்டது. "அதுக்குப் பதிலாத்தானே ஒங்க சனிக்கிழமைய அவரு நின்னாரு? நான்தான் தம்பி நச்சரிச்சேன். நான்தான் அவர அனுப்பினேன்."

"யா அல்லாஹ்! ஆரு அக்கா அப்பிடிச் சொன்ன?" ரஸீன் கோப்பையைக் கீழே வைத்தார். "சனிக்கிழமை அவர்ட சொந்த டியூட்டி. மாசம் பொறக்கும்போதே போட்டது. அந்த வருசம் நோன்புப் பெருநாளைக்கு எனக்குப் பகரமா அவர் நின்டார். ஒங்கட நத்தார்ப் பண்டிகைக்கு அவருக்கு நான் நிப்பேன். எங்களுக்குள்ள எப்பவும் அப்பிடித்தான். அந்த நோன்புப் பெருநாளைக்குப் பதிலாத்தான் ஞாயிறு நான் ஏத்துக்கிட்ட. நீங்க கேக்காட்டியும் சனிக்கிழமை அவர் அங்கதான் ஈந்திருப்பார்."

டொரதி கதிரையில் உட்கார்ந்துவிட்டாள். கிளறன்ஸ் போனது போனதுதான். ஆனால் அவரை அவள் அனுப்பவில்லை. அழுகை வந்தது, அழுது முடித்தபோது நெஞ்சில் இருந்த கல்லைக் காணவில்லை. "இந்த மனுசன் ஒரு வார்த்தை வெளக்கமாச் சொல்லியிருக்கக் கூடாதா?" என்று படத்தைப் பார்த்துத் திட்டினாள். திட்டும்போதே சிரிப்பும் வந்தது. ஜெஸ்மின் பயந்துபோய்த் தாயைப் பார்த்தாள்.

மாலை இன்னும் மடியில் கிடந்தது. டொரதி மூக்கைத் துடைத்துக்கொண்டு எழும்பினாள்.

"ஜெஸ்மின், இங்க வா. இந்தக் கதிரை ஆடுது. கொஞ்சம் பிடிச்சிக்கிறியா?"