நான்கு பூட்டுப் போட்ட பசுமை நடைபாதை

கைதக்கரையில் எந்தக் காரியம் என்றாலும் முதலில் அதற்குப் பெயர் வைத்தாக வேண்டும். பெயர் வைப்பதற்குள் காரியம் செத்துப்போனால் அது காரியத்தின் தலையெழுத்து. இந்த ஊரில் பத்திரிகை நிருபராகக் காலம் தள்ளி நான் தெரிந்துகொண்டது இவ்வளவுதான். சம்பளம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. ஓர் அடையாள அட்டையும், வருடா வருடம் பொருட்காட்சிக்கு ஓசி டிக்கெட்டும் உண்டு.

எங்கள் பொருட்காட்சித் திடலுக்கும் ஆற்றுக்கும் நடுவில் நீளமாக ஒரு புறம்போக்கு கிடந்தது. ஆடி மாதம் ராட்டினமும் மரணக்கிணறும் டெல்லி அப்பளமும் வந்து போகும். அவை விட்டுப்போகிற குப்பை முழுவதும் அந்தக் கரையில் சேரும். மற்ற மாதங்களில் குடிகாரர்கள் வந்து குப்பிகளை உடைத்து வைத்துவிட்டுப் போவார்கள். அங்கே ஓர் ஆறு ஓடுவதே ஊரில் பாதிப் பேருக்கு மறந்து போயிருந்தது.

அதை நினைவுபடுத்தியவர் ஜொஹரா பேகம். திடலுக்கு எதிர்ச் சந்தில் வீடு. கணவர் இறந்துவிட்டார், மகள் ரிஸ்மா ஷார்ஜாவில் நர்ஸ். ஜொஹராவுக்குச் சர்க்கரை ஏறிக்கொண்டே போனதில் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: தினமும் நன்றாக நடக்க வேண்டும், இல்லையென்றால் இன்சுலின். ஊசி என்றாலே ஜொஹராவுக்குப் பாதி உயிர் போய்விடும். சரி, நடப்போம் என்று ரோட்டில் இறங்கினால் கேரளாவுக்குக் கல் ஏற்றிப் போகும் டிப்பர் லாரிகள். ஒருநாள் ஒரு டிப்பர் உரசிக்கொண்டு போனதில் அவர் சாக்கடைக்குள் குதித்து முழங்கையைத் தேய்த்துக்கொண்டார். கையில் போட்ட கட்டோடு நேராகத் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்குப் போய் மனுக் கொடுத்தார். ஆற்றங்கரையைச் சுத்தம் செய்து கொடுங்கள், பெண்பிள்ளைகள் நடக்க ஊரில் வேறு இடம் இல்லை என்று கேட்டார். கலெக்டர் அன்றைக்கு நல்ல மனநிலையில் இருந்திருக்க வேண்டும். சம்மதித்துவிட்டார்.

வேலையும் நடந்தது, அதுதான் ஆச்சரியம். குப்பையை அள்ளினார்கள். இன்டர்லாக் கல் பதித்து ஆற்றோரமாகப் பாதை போட்டார்கள். புங்கையும் மருதும் நட்டார்கள், பெஞ்சுகள் வைத்தார்கள். இனி அந்தக் கரையில் கடை கூடாது, கட்டடம் கூடாது, வண்டி கூடாது, பொதுமக்கள் நடக்க மட்டும் என்று அரசு உத்தரவே வந்தது. பொருட்காட்சிக் கடைகள் உள்ளே நுழையாமல் இருக்கத் திடல் பக்கம் உயரமாகத் தகரம் அடித்து, ஒரேயொரு இரும்புக் கதவு வைத்தார்கள். சிற்பிகள் ஊரான மயிலாடியிலிருந்து கல்வெட்டு வந்து இறங்கியது. அதில் திறந்து வைப்பவர் பெயர், முன்னிலை வகிப்பவர் பெயர், காண்டிராக்டர் பெயர் எல்லாம் அழகாகச் செதுக்கியிருந்தது. பாதையின் பெயர் வர வேண்டிய இடம் மட்டும் வழுவழுவென்று காலியாக இருந்தது.

அங்கே பிடித்தது சனி. தேவாலயத்துப் பங்குப் பேரவைத் துணைத்தலைவர் சிலுவைதாசன் தங்கள் புனிதரின் பெயரைச் சொன்னார். கோயில் அறக்கட்டளைத் தலைவர் தாணுமூர்த்தி, ஆறே அம்மனுடையது, அம்மன் பெயர்தான் என்றார். ஜமாஅத் செயலாளர் சேக் முகம்மது, மனுக் கொடுத்தது யார் என்று யோசித்துப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு, மனுக் கொடுத்தவரை விட்டுவிட்டுத் தன் பாட்டனார் பெயரை முன்மொழிந்தார். வியாபாரிகள் சங்கத்து ஸ்டெனிக்கு மதமெல்லாம் கிடையாது. சங்கத்தின் மறைந்த தலைவர் பெயர் போதும் என்றார். ஒரு ராத்திரி ஒரு போர்டு முளைத்தது. மறுராத்திரி அதைப் பிடுங்கிப் போட்டு இன்னொரு போர்டு முளைத்தது. காலையில் திடலில் ஒரு வேன் போலீஸ் நின்றது.

எங்கள் மாவட்டத்தில் இதற்கென்று ஒரு வழக்கமான மருந்து உண்டு, சமாதானக் கூட்டம். டீயும் வடையும் சாப்பிட்டு ஒரு முடிவுக்கு வந்தார்கள். பெயர் முடிவாகும் வரை பாதையில் யாரும் நடக்கக் கூடாது. கதவுக்கு ஒரு பூட்டுப் போட்டால் சாவி யாரிடம் என்ற கேள்வி வரும். ஆகையால் நான்கு தரப்பும் ஆளுக்கொரு பூட்டு. நால்வரும் சேர்ந்து வந்தால்தான் திறக்கும். வேறு ஊரில் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். எங்கள் ஊரில் கை தட்டினார்கள்.

கூட்டம் முடிகிற நேரத்தில் தாணுமூர்த்திதான் கவலைப்பட்டார். "நட்ட மரத்துக்குத் தண்ணி யாரு ஊத்தது? பட்டுப் போவுமே." மரத்துக்கு மதம் இல்லை என்று சிலுவைதாசன் சொன்னார். தினமும் சாயங்காலம் நால்வரும் ஒன்றாகப் போய்த் திறந்து, தண்ணீர் ஊற்றிவிட்டுப் பூட்ட வேண்டும் என்று தீர்மானம் ஆனது. நால்வரும் ஆளுக்கொரு வாளியோடு நிற்கும் படத்தை என் பத்திரிகையில் போட்டார்கள். மத நல்லிணக்கம் என்று தலைப்பு.

பெயர் மட்டும் முடிவாகவில்லை. சமாதானக் கூட்டம் மாதம் ஒன்று என்று நடந்துகொண்டே இருந்தது. ஒவ்வொன்றிலும் நால்வரும் மேசையைத் தட்டிச் சண்டை போட்டார்கள், நான் எழுதிக்கொண்டே இருந்தேன். ஜொஹரா பேகம் டிப்பர்களுக்கு நடுவே நடந்துகொண்டே இருந்தார். மழைக்காலம் வந்த பிறகு அதுவும் நின்றது. ரோட்டோரம் முழுக்கச் சேறு, ஒதுங்க இடமில்லை. சர்க்கரை திரும்ப ஏறியது. அடுத்த முறை வரும்போதும் இப்படியே இருந்தால் ஊசிதான், இதற்கு மேல் பேச்சில்லை என்று டாக்டர் சொன்னார்.

சேக் முகம்மது வேறு யாருமில்லை, ஜொஹராவின் கணவரோடு கூடப்பிறந்த தம்பி. ஜொஹரா அவர் வீட்டுக்கே போய்க் கேட்டார். நானும் அப்போது அங்கே ஒரு திருமணச் செய்திக்காகப் போயிருந்தேன்.

"சாயங்காலம் நீங்க தண்ணி ஊத்தப் போம்ப நானும் கூட வாறேன் தம்பி. ஒரு ஓரமா நடந்துட்டு வந்துருவேன்."

"மைனி, அது அமானிதம். எங்கள நம்பி ஊரு தந்த சாவி. உங்கள உட்டா நாளைக்கு அவனவன் குடும்பத்தக் கூட்டிட்டு வருவான். ஊரு ரெண்டாயிரும், கேட்டியளா?"

"ஊரு என்னவும் ஆவட்டு. எனக்குக் காலு வேணும்."

"கொஞ்சம் பொறுங்கோ. பேரு முடிவாவட்டு."

ஜொஹரா எழுந்து வந்துவிட்டார். வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே என்னிடம் ஒன்று கேட்டார். "ஷைஜு, நாலு நாளா மழை ஊத்துது. இவனுவ எந்த மரத்துக்குத் தண்ணி ஊத்துதானுவ?" எனக்கு அதுவரை அது தோன்றவே இல்லை. நிருபர் என்று சொல்லிக்கொள்ள வெட்கமாக இருந்தது.

ஆடியில் பொருட்காட்சி தொடங்கியது. ரிஸ்மா லீவில் வந்திருந்தாள். வீட்டிலேயே அடைந்து கிடந்த உம்மாவை வம்படியாக இழுத்துக்கொண்டு திடலுக்கு வந்தாள். ராட்டினத்தின் கீழே என்னைப் பார்த்து, "நீங்களும் ஏறுங்கண்ணே, ஆளு இருந்தா உம்மாவுக்குப் பயம் தெரியாது" என்றாள். ஓசி டிக்கெட்டை வேறு எதற்கு வைத்திருக்கிறேன், ஏறினேன். பெட்டி மேலே கிளம்பியதும் ஜொஹரா கண்ணை இறுக மூடிக்கொண்டு யா அல்லாஹ், யா அல்லாஹ் என்று ஓத ஆரம்பித்தார். கீழே ஆள் ஏற்றுவதற்காக ராட்டினத்தை நிறுத்தினார்கள். நாங்கள் உச்சியில் நின்றோம்.

"கண்ணத் தொறங்கோ உம்மா, ஆறு தெரியுது," என்றாள் ரிஸ்மா.

ஆறு மட்டுமா தெரிந்தது. தகரத்துக்கு அந்தப் பக்கம் மொத்தப் பாதையும் தெரிந்தது. மழையில் கழுவின கல் பளபளவென்று கிடந்தது. புங்கை ஆள் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. பாதையில் நான்கு பேர் வீசி வீசி நடந்துகொண்டிருந்தார்கள். நால்வர் காலிலும் வெள்ளை ஷூ. நால்வருக்கும் சர்க்கரை உண்டு. எங்கள் ஊரில் எல்லா மதத்துக்கும் பொதுவானது அது ஒன்றுதான். சேக் முகம்மது சிலுவைதாசனின் தோளில் கை போட்டிருந்தார். தாணுமூர்த்தி என்னவோ சொல்ல மற்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஸ்டெனி பொட்டலத்தைப் பிரித்துப் பழ பஜ்ஜி எடுத்துக் கொடுத்தார். வாளிகள் ஒரு பெஞ்சுக்கு அடியில் கவிழ்ந்து கிடந்தன.

மாதாமாதம் மேசையைத் தட்டிய கைகள் அவை. அந்தத் தட்டலை நம்பி நான் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். பெயர் முடிவாகாததால் பாதை பூட்டிக் கிடக்கிறது என்று ஊரே நினைத்திருந்தது. பாதை பூட்டியே கிடக்க வேண்டும் என்பதற்காகத்தான் பெயர் முடிவாகாமல் இருந்திருக்கிறது.

இறங்கும்போது ஜொஹரா கண்ணை மூடவே இல்லை.

கீழே வந்ததும் எதை எடுத்தாலும் ஐம்பது ரூபாய்க் கடைக்குப் போனார். வாளி, சீப்பு, டார்ச் எல்லாவற்றையும் தள்ளிவிட்டு ஒரு பூட்டை எடுத்தார். பூட்டிப் பார்த்தார், திறந்து பார்த்தார், காசைக் கொடுத்தார். இரும்புக் கதவுப் பக்கம் நடந்தார். நாங்கள் பின்னால் ஓடினோம்.

நால்வரும் கதவை வெறுமனே சாத்திவிட்டுப் போயிருந்தார்கள். சங்கிலியும் அவர்களுடைய நான்கு பூட்டுகளும் வெளியே கொக்கியில் தொங்கின. ஜொஹரா சங்கிலியை எடுத்துக் கம்பிகளில் சுற்றித் தன் பூட்டைப் போட்டார். மற்ற நான்கையும் மகளின் கைப்பைக்குள் போட்டார். பக்கத்திலிருந்த அப்பளக் கடையில் ஒரு ஸ்டூல் கேட்டு வாங்கி, கதவுக்கு எதிரே உட்கார்ந்துகொண்டார்.

நடை முடிந்து நால்வரும் வாளிகளோடு வந்தார்கள். கதவைத் தள்ளிப் பார்த்தார்கள். சேக் முகம்மதுவுக்குத்தான் முதலில் ஆள் அடையாளம் தெரிந்தது.

"மைனி, என்ன வெளையாட்டு இது? சாவியத் தாருங்கோ."

"பேரு முடிவாச்சா?"

"எந்தப் பேரு?"

"பாதைக்கு வைக்குற பேரு. அது முடிவாகாம ஒருத்தரும் இதுல நடக்கக் கூடாதுண்ணு சொன்னிய. நீங்க நாலு பேரும் நல்லா நடந்தாச்சு. அப்பம் முடிவாயிருக்கணும்லா."

அப்பளம் தின்றுகொண்டிருந்த கூட்டம் கதவுப் பக்கம் திரும்பியது. மரணக்கிணறு பார்க்க வரிசையில் நின்றவர்களும் வந்துவிட்டார்கள், இங்கே டிக்கெட் இல்லை. யாரோ செல்போனில் படம் எடுத்தார்கள். வெள்ளை ஷூவை எடுலே, ஷூவை எடு என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. ஸ்டெனி கைக்குட்டையால் வாயில் ஒட்டியிருந்த எண்ணெயைத் துடைத்தார்.

"பேருக்கு இப்பம் என்ன அவசரம்? கூட்டத்துல வச்சுப் பேசலாம்," என்றார் சிலுவைதாசன்.

"பேசுங்கோ. நான் இருக்கேன்."

நால்வரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். தாணுமூர்த்திதான் மெதுவாக ஆரம்பித்தார். "இல்லேண்ணா பேரே வேண்டாம்ணு வச்சா என்ன? ஆத்துக்கு இருக்க பேரு போதும்லா." மற்ற மூவரும் சேர்ந்து தலையாட்டினார்கள். போலீஸ் பந்தோபஸ்தோடு நடந்த அத்தனை சமாதானக் கூட்டங்களிலும் ஆகாத காரியம், கையிலிருந்த பஜ்ஜி ஆறுவதற்குள் ஆகிவிட்டது.

ஜொஹரா எழுந்து பூட்டைத் திறந்தார். சங்கிலியை உருவி என் கையில் கொடுத்தார். நால்வரும் வெளியே வர வழி இல்லை. அதற்குள் கூட்டம் உள்ளே போக ஆரம்பித்துவிட்டது. பர்தா போட்ட பெண்கள், குழந்தையை இடுப்பில் வைத்தவர்கள், ஐஸ்கிரீமும் கையுமாக வந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள், மடித்துக் கட்டிய வேட்டிகள். நால்வரும் கதவோரம் ஒட்டிக்கொண்டு நின்றார்கள். ஸ்டெனிக்குத்தான் தாங்கவில்லை. உண்மையான வருத்தம் அது, முகத்திலேயே தெரிந்தது.

"இத்தன காலமும் கண்ணு மாதிரி பாதுகாத்து வச்சிருந்தோம். இவ்வளவு ஆளும் நடந்தா ரெண்டே வருசத்துல கல்லு தேஞ்சு போவும் பாத்துக்கிடுங்க."

ஜொஹரா பேகம் அவரைத் தாண்டிப் போகும்போது கொஞ்சம் நின்றார்.

"தேயட்டு," என்றார். "நடந்து தேயட்டு."

பிறகு மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு படியிறங்கி, கூட்டத்தோடு கூட்டமாக ஆற்றோரம் நடந்து போனார்.