தலைப்பிரசவத்துக்கு ஒரு சட்டம்

தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். அது எங்கள் நகரிப் பக்கத்து வழக்கம். மகள் தரணியைப் பள்ளிப்பட்டில் கொடுத்திருந்தேன். பஸ் ஏறினால் கொஞ்ச நேரம்தான். நடுவில் மாநில எல்லை, நாங்கள் ஆந்திரா, அவர்கள் தமிழ்நாடு. கல்யாணமானதும் அவள் பெயர் புருஷன் வீட்டு ரேஷன் கார்டுக்குப் போனது. மருத்துவக் காப்பீட்டு அட்டையும் தமிழ்நாட்டு அட்டையானது. வளைகாப்பு முடிந்து கை நிறைய வளையலோடு அழைத்து வந்தபோது எல்லையைப் பற்றி நான் நினைக்கவே இல்லை. இந்தப் பக்கத்தில் யார்தான் நினைப்பார்கள்?

எட்டாம் மாதம் பிரஷர் ஏறி, முகமும் காலும் வீங்கி, அவளுக்குப் பேச்சு குழறியது. தாயையும் பிள்ளையையும் ஐ.சி.யூ.வில் வைத்துப் பார்க்கிற இடத்துக்கு உடனே போகச் சொன்னார் புத்தூர் டாக்டர். திருப்பதியில் அப்படியொரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனோம். மேசையில் இருந்தவன் அட்டையைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் தள்ளினான்.

"இதி இக்கட செல்லதம்மா. தமிழ்நாடு கார்டு, இங்க செல்லாது. சென்னைக்குக் கூட்டிக்கினு போங்க."

"போறதுக்குள்ள என் பொண்ணு செத்துப்பூட்டா?"

"எம்.பி. சார போன் பண்ணச் சொல்லுங்க. சேத்துக்குவாங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போன் வந்தால் செல்லும் அட்டை, வராவிட்டால் செல்லாதா? ஆனால் சண்டை போட நேரமில்லை. கணவர் முனிரத்தினத்தை ஸ்ட்ரெச்சர் பக்கத்தில் நிறுத்திவிட்டு, ஆட்டோ பிடித்து எம்.பி. ஆபீசுக்கு ஓடினேன். உதவியாளர் கிரண்குமார் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

"எத்தன பேரு? எந்த தேதி?"

"ஒருத்திதான். இப்பவே!"

"இப்பவேன்னா தரிசனம் கெடைக்காதும்மா. நாளைக்குப் பாக்கலாம். ஆதார் கொண்டாந்தியா?"

திருமலைக்குச் சிபாரிசு கேட்டு வந்தவள் என்று நினைத்துவிட்டான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை, அங்கே நின்ற கூட்டம் அத்தனையும் அதற்குத்தான் வந்திருந்தது. "சாமிய அப்பறம் பாத்துக்கறேன், என் பொண்ணு போய்க்கினு இருக்கா!" என்று கத்திக்கொண்டே உள்ளே நுழைந்தேன். எம்.பி. நல்ல மனிதர்தான். உடனே போன் போட்டார்.

நான் திரும்புவதற்குள் தரணியை உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். அதே மேசை முன்னால் சத்தியவேட்டுக்காரர் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். எங்களைப் போலவே எல்லை தாண்டி, தமிழ்நாட்டு ஊத்துக்கோட்டையில் கொடுத்த மகளாம், அவளும் பிரசவத்துக்கு வந்தவள். அதே அட்டை, அதே பதில். "எந்த எம்.பி.ம்மா? எங்க இருக்காரு?" என்று என்னைக் கேட்டார். நான் சொல்லி முடிப்பதற்குள், வாசலில் அவர் மகளைக் கிடத்தியிருந்த வேனிலிருந்து யாரோ அலறினார்கள். அவர் ஓடினார், வேன் சென்னைப் பக்கம் கிளம்பிவிட்டது.

தரணி பிழைத்தாள். பேரனும் பிழைத்தான். நான் நிம்மதியாகத் தூங்கினேன் என்று சொன்னால் அது பொய்.

வீட்டுக்கு வந்த சில நாளில் கிரண்குமார் போட்டோகிராபரோடு வந்து நின்றான்.

"சார் போன்ல பொழச்ச புள்ள. ஒரு போட்டோ எடுத்துக்கறோம்மா."

"சாருக்கு என் கும்பிடு சொல்லு தம்பி. போட்டோ மட்டும் கெடையாது. எந்த ஸ்டேட் கார்டா இருந்தாலும் எல்லா ஆஸ்பத்திரியும் சேத்துக்கணும்னு பார்லிமென்ட்ல சட்டம் கொண்டாரச் சொல்லு."

அவன் சிரித்தான். "அது சார் ஒருத்தர் கையிலயா இருக்குது?"

"கேக்கற வாயி அவருதுதான? எத்தன பேருக்குன்னு போன் போட்டுக்கினு இருப்பாரு? அன்னைக்கு அந்த சத்தியவேட்டுப் பொண்ணுக்கு யாரு போட்டாங்க?"

போட்டோகிராபர் கேமராவை இறக்கினான்.

"அவ உசுரோட இருக்காளான்னு மொதல்ல தேடிப் பாருங்க," என்றேன். "இருந்தா, அவளப் போட்டோ எடுங்க."