தூண்களின் ஓட்டு

ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஓட்டெடுப்பில் தோற்கடித்துவிட்டதால் அந்த வருஷம் நாடு பிறக்காமல் போனது. பட்டப்பகலில், பள்ளிக்கூட ஹாலில், பெற்றோர்கள் மடக்கு நாற்காலிகளில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே இது நடந்தது. மறுநாள் வெங்காய விலையில் மாற்றம் ஏதும் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

அந்த வகுப்பு டீச்சருக்குச் சரித்திரத்தைப் புத்தகத்திலிருந்து வாசித்துக் காட்டப் பிடிக்காது. நாடு பிறந்த நாள் வருவதற்கு ஒரு மாதம் முன்பே வகுப்பறை பட்டறையாகிவிடும். பிள்ளைகள் கரியும் கோந்தும் அரைத்து மை செய்வார்கள், டீத்தண்ணீரில் காகிதத்தை நனைத்துப் பழசாக்குவார்கள், வீட்டுத் திரைச்சீலையைக் கிழித்து அந்தக் காலத்து அங்கி தைத்து, அம்மாவிடம் ஆளுக்கு இரண்டு அடி வாங்குவார்கள். பிறகு அந்த நாளை நடத்திக் காட்டுவார்கள். ஆற்றங்கரைத் தானியக் கிடங்கு ஒன்றில் பெரியவர்கள் கூடி, இனி நாம் ஒரு நாடா இல்லையா என்று கை தூக்கிய நாள் அது. இரு பக்கமும் கைகள் சரிசமமாக நின்றபோது, அதுவரை வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்த சுங்கச்சாவடிக்காரர் கடைசியாகத் தன் கையைத் தூக்கினார். அந்த ஒரு கையில்தான் நாடு பிறந்தது. சபையில் இருந்தவர்களைவிட வகுப்பில் இரண்டு பிள்ளைகள் அதிகம் என்பதால், அந்த இருவருக்கும் சாம்பல் நிறத் துணி சுற்றி, தலையில் அட்டைக் கூரையை வைத்து, கிடங்கின் தூண்களாக நிறுத்துவது வழக்கம். அந்த வருஷத் தூண்கள், உயரத்தால் நெட்டை என்று பேர் வாங்கிய பெண்ணும், சாக்பீஸைக் கண்டாலே தும்முகிற தும்மலும்.

சுங்கச்சாவடிக்காரர் வேஷம், ஊமைக்கோட்டான் என்று வகுப்பே கேலி செய்கிற செருப்புக்கடைக்காரர் மகளுக்குப் போனது. பேசாமல் இருப்பதை அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. டீச்சர் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "நடிக்காதே. நிஜமாவே யோசி. யோசிச்சு முடிச்சதும் கையைத் தூக்கு." அவள் நிஜமாகவே யோசித்தாள். பெற்றோர்கள் கொட்டாவி விட்டார்கள், யாரோ ஒருவருடைய கைக்குழந்தை அழுது ஓய்ந்தது, கை மட்டும் எழவில்லை. கைகளைச் சரியாக எண்ண வேண்டும் என்று டீச்சர் கண்டிப்பாகச் சொல்லி வைத்திருந்ததால், சபைத் தலைவனாக இருந்த கண்ணாடிக்காரப் பையன் பொறுத்துப் பார்த்துவிட்டு மரச்சுத்தியலால் மேசையைத் தட்டி, தீர்மானம் தோற்றது என்று அறிவித்தான்.

கூரைமேல் பறந்த கொடி அந்த நிமிஷமே துவைத்துக் காயப்போட்ட வேட்டிபோல வெளுத்துப் போனது. பைகளில் கிடந்த காசுகள் சட்டைப் பொத்தான்கள்போல வழவழப்பாயின. கடைத்தெரு முக்கில் நின்ற தேசத்தந்தையின் வெண்கலச் சிலை, தான் எதையும் ஸ்தாபிக்காததால், பீடத்தை விட்டு இறங்கித் தையல்கடை பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் கேட்டது. எந்த நாட்டு பேப்பர் என்று தெரியாமல் தையல்காரர் டீ வாங்கிக் கொடுத்தார். சனங்கள் வழவழப்பான காசைக் கொடுத்து வெங்காயம் வாங்கினார்கள், கடைக்காரரும் நம்பி வாங்கிக்கொண்டார். டீச்சருக்குத்தான் சிக்கல். ரயிலில் கார்டாக வேலை பார்க்கும் அவள் கணவன் எல்லையிலிருந்து போன் செய்தான். "இந்தப் பக்கம் ஒரு நாடு இருந்துச்சே, எங்கடி போச்சு? உள்ள விடுறதுக்கும் ஆளில்ல, வெளிய தள்ளுறதுக்கும் ஆளில்ல. வண்டி அப்படியே நிக்குது."

தலைமை ஆசிரியர் முதலில் மிரட்டினார், பிறகு கெஞ்சினார். செருப்புக்கடைக்காரர் மகளுக்குச் சைக்கிள் வாங்கித் தருவதாகச் சொன்னார். "அவ அப்படியே உங்க அக்கா மாதிரி, ஒண்ணு நினைச்சா நினைச்சதுதான்," என்று செருப்புக்கடைக்காரர் மனைவி அந்த நேரத்திலும் புருஷனை ஒரு குத்து குத்தினாள். டிரில் மாஸ்டரும் வாட்ச்மேனும் சேர்ந்து அந்தக் கையைத் தூக்கிப் பார்த்தார்கள். இரும்புப் பெட்டியைப் போல் கனத்த கை இம்மிகூட அசையவில்லை, வாட்ச்மேனுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. டீச்சர் எல்லோரையும் விலகச் சொல்லிவிட்டு அந்தப் பெண்ணின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். ஜன்னல் வெயில் தரையில் ஊர்ந்து சுவரில் ஏறும் வரை இருவரும் அப்படியே இருந்தார்கள்.

"டீச்சர், தூணுக்குக் காது கேக்குமா?" என்றாள் அந்தப் பெண்.

"கேக்கும்."

"அப்ப தும்மலும் நெட்டையும் எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தானே நின்னாங்க? கூரையையும் அவங்கதான் தாங்கினாங்க. அவங்களை யாருமே கேக்கலையே."

இதே ஹாலில், இதே மேடையில், ஐந்தாம் வகுப்பில் டீச்சரும் தூணாக நின்றவள். சபையில் இருந்த அத்தனை பேருடைய வசனமும் அவளுக்கு இன்றைக்கும் மனப்பாடம். அதை யாரும் அவளிடம் கேட்டதில்லை, அவளும் யாரிடமும் சொன்னதில்லை. எழுந்து போய், தூண்களுக்கும் ஓட்டு உண்டு, மறுபடி நடத்துவோம் என்றாள்.

"சரித்திரத்துல தூணுக்கு ஓட்டே கிடையாதும்மா," என்றார் தலைமை ஆசிரியர்.

"இப்ப சரித்திரமே கிடையாதே சார்," என்றாள் டீச்சர். அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

சபை மறுபடி கூடியது. பழைய கைகள் பழையபடியே எழுந்தன. நெட்டை, அட்டைக் கூரை சரியாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறுகையைத் தூக்கினாள். ஹால் மூச்சு விட்டது. தும்மல் கையைக் கட்டிக்கொண்டான். "எனக்கு வேண்டாம். ரொம்ப நேரம் நிக்க வச்சுட்டீங்க," என்றான். கணக்கு மறுபடி சரிசமமாக வந்து நின்றது. தலைமை ஆசிரியர் அவனிடம் ஓடி, ராஜா, கண்ணு, உனக்கு என்னடா வேணும் என்று ஆரம்பித்தார். "அவனை மாத்தச் சொன்னா நான் தூக்க மாட்டேன்," என்றது சுங்கச்சாவடிக்காரர் நாற்காலியிலிருந்து ஒரு குரல். அவர் நின்ற இடத்திலேயே நின்றார். டீச்சர் தூக்கு என்று ஒரு வார்த்தை சொன்னால் புருஷன் ராத்திரிச் சாப்பாட்டுக்கு வந்துவிடக்கூடும். அந்த வார்த்தையைப் பல்லைக் கடித்து விழுங்கினாள். தும்மல் ஒரு தும்மல் போட்டான். அந்தப் பெண் அவனைப் பார்த்தாள், நெட்டையைப் பார்த்தாள், ஏதோ கணக்கு முடிந்தவள்போலச் சிரித்துக்கொண்டே கையைத் தூக்கினாள். இரும்பாய்க் கனத்த கை இறகுபோல எழுந்தது.

கொடிக்குச் சாயம் திரும்பியது. காசுகளில் முகங்கள் வந்தன. தேசத்தந்தை டீயைக் குடித்து முடித்துவிட்டுப் பீடத்தில் ஏறிக்கொண்டார். அவர் கோட்டில் ரொம்ப நாளாக இல்லாதிருந்த நடுப்பொத்தான் அன்றிலிருந்து இருக்கிறது, தையல்காரர் கூலி கேட்கவில்லை. ரயில் தாமதமாக வந்தது. வழக்கமாகவும் தாமதமாகத்தான் வரும் என்பதால் யாரும் காரணம் விசாரிக்கவில்லை. கார்டு வீட்டுக்கு வந்து கை கழுவிக்கொண்டே, "நாடு கிடைச்சுதா?" என்றான். "கிடைச்சுது, உக்காருங்க," என்று டீச்சர் தட்டை வைத்தாள்.

பல வருஷங்களுக்குப் பிறகு, தலை நரைத்த டீச்சர் வேறொரு ஐந்தாம் வகுப்பைத் தலைநகரத்துக்குக் கூட்டிப் போனாள். ஆற்றங்கரைத் தானியக் கிடங்கு இப்போது காட்சிசாலை. அங்கே இரண்டு கல்தூண்கள் கூரையைத் தாங்கி நிற்கின்றன. ஒன்று, தோளுக்கு மேல் ஒரு கையைத் தூக்கியிருக்கிறது. மற்றது கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறது. கட்டிய நாளிலிருந்தே இப்படித்தான் என்று வழிகாட்டி சொன்னார், டீச்சர் தலையாட்டினாள். பொறியாளர்கள் அளந்து பார்த்ததில் கூரையின் பாரம் இரண்டின் மேலும் சரிபாதியாகத்தான் இறங்குகிறதாம். கோடையில் தூசி கிளம்பும்போது கைகட்டிய தூண் தும்முவதுண்டு. பெருக்குகிறவர் முதலில் தண்ணீர் தெளித்துவிட்டுத்தான் அந்தப் பக்கம் பெருக்குகிறார்.