சர்வேயர் வீட்டில் இடம் நகர்ந்த கதை

சர்வேயர் வீட்டு நிலவறைக்குள் பில்லியர்ட்ஸ் மேஜையை இறக்கிய அன்று, மாடியில் அவருடைய அக்காவின் அறை ஒன்றரை அடி குறைந்தது. மேஜையைத் தூக்கி வந்தவர்கள் அது உள்ளே அடங்காது என்று வாசலிலேயே சொல்லிவிட்டார்கள். மேஜை நின்றால் மட்டும் போதாது, ஆடுகிறவன் கோலைப் பின்னுக்கு இழுக்க வேண்டும், முழங்கை போக வேண்டும், இந்த அறையில் அடித்தால் பந்தை விடச் சுவருக்குத்தான் அதிகம் விழும் என்பது அவர்கள் கணக்கு. கணக்கில் தப்பில்லை. ஆனால் கால்களைப் பூட்டி, பச்சைத் துணியைத் தட்டித் துடைத்து, சர்வேயரின் மகன் முதல் அடி அடித்தபோது கோல் எங்கேயும் இடிக்கவில்லை. சுற்றிலும் தாராளமாக இடம் இருந்தது. தூக்கி வந்தவர்கள் கூலியை வாங்கிக்கொண்டு ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அதே நேரம் மாடியில் அலமாரியைத் திறக்கப் போன அக்கா, கதவு கட்டிலில் இடித்து நிற்பதைக் கண்டு, கிடைத்த இடுக்கில் கையை விட்டு மாற்றுப் புடவையை எடுத்துக்கொண்டார்.

நிலவறையை விளையாட்டு அறையாக மாற்றக் காரணம் பிள்ளைகள். மகனும் மகளும் கல்லூரிக்குப் போக ஆரம்பித்ததிலிருந்து வீடு அவர்களுக்குச் சாப்பிடவும் சட்டை மாற்றவும் மட்டும் என்றாகியிருந்தது. எந்தச் சிநேகிதன் வீட்டில் பெரிய திரை இருக்கிறதோ அங்கேதான் சாயங்காலம். சர்வேயர் அளந்து பேசுகிறவர், அதனால் ஒன்றும் சொல்லவில்லை. அவர் மனைவி பல் மருத்துவமனையில் வரவேற்பு மேஜையில் இருந்தார். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களை நாளெல்லாம் உட்காரவைத்துவிட்டு வீட்டுக்கு வந்தால், அங்கே பேச ஆளில்லை என்பது அவருக்குத் தாங்கவில்லை. "பசங்க வீட்டுல இருக்கணும்னா வீட்டுல ஏதாவது இருக்கணுங்க. சும்மா இருங்கடான்னா எவன் இருப்பான்?" என்றார். நியாயமான பேச்சு. கீழே கிடந்த காய்ந்த பெயிண்ட் டப்பாக்களும் ஒரு கால் இல்லாத கட்டிலும் பழைய மோட்டாரும் வெளியேறின. பூஞ்சை சுரண்டப்பட்டது. சுவர் முழுக்க, முட்டை அட்டை மாதிரி மேடும் பள்ளமுமான பஞ்சுப் பலகைகளை ஒட்டினார்கள். தெருவில் எல்லாரும் 'ஷாக்' என்று கூப்பிடும் எலக்ட்ரீஷியன் வந்து கூரையோரம் நீல விளக்குப் பட்டியை ஓட்டிவிட்டுப் போனார்.

அக்காவின் அறை மாடியில் கடைசி. சர்வேயருக்கு அவர் ஒரே உடன்பிறப்பு. தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவர் குரல் பாதி ஊருக்குத் தெரியும், முகம் தெருவுக்கு மட்டும் தெரியும். பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது வீட்டில் விளையாட்டு அறை என்று இருந்தது அவர் அறைதான். கேரம் போர்டு அங்கே, சீட்டுக்கட்டு அங்கே, சண்டையும் அங்கே. நிலவறை தயாரானதும் முதலில் இறங்கியது அந்தக் கேரம் போர்டு. அக்காவுக்கு மூட்டு வலி. நிலவறைப் படிகளோ ஏணி மாதிரி செங்குத்து. "நாளைக்கு உங்கள நாங்களே தூக்கிட்டுப் போறோம் அத்தை" என்று பிள்ளைகள் சொன்னார்கள். மனதாரத்தான் சொன்னார்கள். நாளைகள் நிறைய வந்தன.

மேஜைக்குப் பிறகு சோபா இறங்கியது. பிறகு ஸ்டீயரிங்கும் பெடலும் வைத்த கார்ப் பந்தய இருக்கை, குளிர்பானத்துக்குக் குட்டி ஃபிரிட்ஜ், சோளப்பொரி இயந்திரம், டேபிள் டென்னிஸ். ஒவ்வொன்று இறங்கும்போதும் கீழே சுவர் மரியாதையாகப் பின்வாங்கியது, மாடியில் கடைசி அறையின் சுவர் அதே அளவுக்கு முன்னே வந்தது. ஷாக் ஒட்டிய விளக்குப் பட்டி மாதத்துக்கு ஒருமுறை இழுத்துக்கொண்டு அறுந்தது. "சார், நான் அளந்துதான் வெட்டுனேன். உங்க வீடுதான் வளருது" என்று அவர் தலையைச் சொறிந்தார். பிள்ளைகள் வீட்டிலேயே இருந்தார்கள். சிநேகிதர்கள் வந்தார்கள், சிநேகிதர்களின் அப்பாக்களும் வந்தார்கள், தெருவில் பாதி ஆண்கள் அங்கே கிடந்தார்கள். சர்வேயரின் மனைவி தட்டுத் தட்டாகப் பலகாரம் இறக்கிக்கொண்டு சிரித்த முகமாக இருந்தார். அத்தனை வருடத்தில் அந்த வீட்டில் அவ்வளவு சிரிப்பு கேட்டதில்லை. இதையும் சொல்லத்தான் வேண்டும்.

சர்வேயருக்குத் தெரியாமல் இல்லை. அளப்பதே தொழிலாக இருப்பவர் கண்ணை எப்படி மூடிக்கொள்வார்? டேப்பைப் பிடித்து வீடு முழுக்க அளந்தார். வெளிச்சுவர் அங்குலம் மாறவில்லை. உள்ளே கூட்டிப் பார்த்தாலும் மொத்தம் பழைய மொத்தம்தான். வரப்புச் சண்டையில் நிற்கிறவர்களிடம், "நிலம் எங்கயும் ஓடிப்போகாது, உங்ககிட்ட இல்லன்னா பக்கத்துல இருக்கு" என்று அவர் சொல்வது வழக்கம். இப்போது பக்கம் எது என்று அவருக்கே தெரிந்துவிட்டது. அப்போதுதான் அவர், தொழில் தெரிந்தவர் மட்டுமே செய்யக்கூடிய தப்பைச் செய்தார். ஒரு நிலத்தைச் சுற்றி அளந்துகொண்டு புறப்பட்ட கல்லுக்கே திரும்பினால் கணக்கு நாலு விரல் இடிக்கும். அந்தப் பிழையை எல்லாப் பக்கத்துக்கும் சமமாகப் பங்கு போட்டுவிடுவார்கள். யாருக்கும் வலிக்காது, வரைபடமும் மூடிக்கொள்ளும். வீட்டு வரைபடத்தை விரித்து, அக்காவின் அறை இழந்ததைச் சமையலறைக்கும் கூடத்துக்கும் படுக்கையறைக்கும் குளியலறைக்கும் பிரித்துப் போட்டார். தாளில் எந்த அறைக்கும் ஒரு சாண் கூடக் குறையவில்லை. அதைப் பார்க்கப் பார்க்க அவருக்கு மனம் லேசானது. நிஜத்தில் சமையலறை ஒரு நூலைக் கூடக் கொடுக்கவில்லை.

இருந்தாலும் ஒருநாள் போய்க் கேட்டார். "அக்கா, ரூம் கொஞ்சம் சின்னதா ஆன மாதிரி இல்ல?"

"எனக்கெதுக்குடா மைதானம்? படுத்தா கால் நீட்ட இடமிருக்கு, அது போதாதா?" என்றார் அக்கா.

அதை அனுமதி என்று எடுத்துக்கொண்டு அவர் இறங்கிப் போனார். டேபிள் டென்னிஸ் வந்த பிறகு கால் நீட்ட இடமில்லை. அலமாரி வெளியே வந்து மாடிப்படியோரம் நின்றது, பின்னால் கட்டிலும் வந்தது. அக்கா நாற்காலியில் உட்கார்ந்தபடி தூங்கினார். நாற்காலியும் வெளியே வந்ததும் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். ஆளும் அறைக்குத் தகுந்தாற்போல் ஒடுங்கிக்கொண்டே வந்தார். நேரே பார்த்தால் முழு அக்கா, பக்கவாட்டில் திரும்பினால் புடவைக் கரை மட்டும்தான் தெரிந்தது. மருத்துவர் வந்து பார்த்து ரத்த அழுத்தம் அருமையாக இருக்கிறது என்றார். "அண்ணிக்கு ஒரு குறையும் இல்லன்னு அவங்களே சொல்றாங்களே" என்று மனைவியும் சொன்னார். இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவான் என்பார்கள். கொடுத்தவர் வாயைத் திறக்காவிட்டால் பிடுங்குகிறவனுக்குத் தான் பிடுங்குவதே தெரிவதில்லை. வாய்விட்டுக் கேட்காதவருக்கு வயிறு நிறைந்திருக்கிறது என்று நினைப்பது குடும்பம் நடத்துகிறவர்களுக்குக் கைவந்த கலை.

கடைசியாகப் பிள்ளைகள் ஆசைப்பட்டது தியேட்டர். சுவரளவு திரை, சாய்ந்துகொள்ளும் இருக்கைகள் இரண்டு வரிசை, பின்வரிசைக்கு மேடை. சர்வேயர் கடையில் சொல்லிவிட்டு வந்தார். வந்த பிறகுதான் மாடிக்குப் போய்ப் பார்த்தார். ஒரு புத்தக அலமாரியின் ஆழம்தான் மிச்சம் இருந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும் என்று அப்போதே முடிவு செய்தார். மறுநாள் மலைப்பாதை அளக்கும் வேலைக்கு வெளியூர் போக வேண்டியிருந்தது. அங்கிருந்து தினமும் சாயங்காலம் போனைக் கையில் எடுத்தார். கடைக்காரன் காரணம் கேட்டால் என்ன சொல்வது? எங்கள் வீட்டில் இடம் மாடியிலிருந்து இறங்குகிறது என்றா? வீட்டில் சொன்னால் பிள்ளைகளின் முகம் வாடும். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று போனைக் கீழே வைத்தார். அவர் வேலை முடிந்து திரும்பியபோது நிலவறையிலிருந்து கைத்தட்டல் கேட்டது. பெட்டியைக் கூடக் கீழே வைக்காமல் மாடிக்கு ஓடி, கடைசி அறைக் கதவைத் திறந்தார். கதவுக்குப் பின்னால் வெள்ளையடித்த சுவர் இருந்தது.

"அக்கா!" என்று கத்தினார்.

"இருக்கேன்டா. கத்தாத, பசங்க படம் பாக்குறாங்க" என்றது குரல்.

சர்வேயர் அந்தச் சுவரில் நெற்றியை வைத்து அழுதார். வாய்விட்டு அழுதார், கீழே படம் நின்றுபோகும் அளவுக்கு அழுதார். ஒரு வாரத்துக்குள் எல்லாம் வெளியேறின. இருக்கைகளை மகனே சுமந்து வந்து வாசலில் போட்டான். மகள் பஞ்சுப் பலகைகளை அழுதுகொண்டே பிய்த்தாள். நிலவறை காலியானது, ஆனால் சுருங்கவில்லை. கல்யாண மண்டபம் மாதிரி விரிந்து கிடந்தது, தும்மினால் இரண்டுமுறை திருப்பித் தும்மியது. மாடிக்கு ஒரு விரல் இடம் கூட ஏறி வரவில்லை. கொத்தனாரை விட்டுச் சுவரை இடித்துப் பார்த்தார்கள். பூச்சு, செங்கல், அதற்கப்புறம் தெரு. துளை வழியாக எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து என்ன வேலை நடக்கிறது என்று கேட்டார். "பாத்து இடிங்கப்பா, தூசி கண்ணுல விழுது" என்றார் அக்கா. துளையை அடைத்துவிட்டார்கள்.

பிறகு வருடங்கள் போயின. பிள்ளைகள் வேலை கிடைத்து வேறு ஊர்களுக்குப் போனார்கள், போனில் முதலில் அத்தையைத்தான் கேட்டார்கள். கதவடியில் வைக்கும் தட்டு காலியாகத் திரும்பியது. எப்படி என்று யாரும் பார்த்ததில்லை, பார்க்க முயன்றதும் இல்லை. சர்வேயர் காலையில் வேலைக்குப் போகும்போது கதவருகே நின்று, "வரேங்க்கா" என்பார். சாயங்காலம் வந்ததும் அவர் மனைவி அங்கே தரையில் உட்கார்ந்து, அன்றைக்கு யாருக்கு எந்தப் பல் போனது, யார் நாற்காலியைக் கண்டதும் ஓடினார்கள் என்று சொல்வார். அக்கா சிரிப்பார். ஒரே வீட்டில் இத்தனை காலம் இருந்தும் இருவரும் இப்போதுதான் பேசிக்கொண்டார்கள். எழுந்திருக்கும்போது, "உங்களுக்கு ஏதாவது வேணுமா அண்ணி?" என்று கேட்பார். "எனக்கென்னம்மா, ஒண்ணும் வேண்டாம்" என்று பதில் வரும்.

ஒரு விடுமுறை நாள் மதியம், பேச்சுக்கு நடுவில் மனைவி கால் மரத்துப்போய் இடம் மாறி உட்கார்ந்தார். "ஏம்மா, நீயும் எத்தனை நாளைக்குத் தரையில உக்காந்து பேசுவ? உள்ள ஒரு நாற்காலி வேணும். வர்றவங்க உக்காரணும்ல?" என்றது உள்ளிருந்து குரல்.

அந்த வீட்டில் அக்கா தனக்கென்று கேட்ட முதல் பொருள் அது. மனைவி முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, படியிலேயே நின்று கணவரைக் கூப்பிட்டார். சர்வேயர் சாப்பாட்டு மேஜையிலிருந்து ஒரு நாற்காலியைத் தூக்கி வந்தார். கதவைத் திறந்தால் சுவர். நாற்காலியின் முன்கால்களைச் சுவரில் வைத்துத் தள்ளினார். அது உள்ளே போனது.

மறுநாள் காலை தூக்கத்தில் புரண்ட சர்வேயரின் கை, நேற்று இல்லாத இடத்தில் சுவரில் பட்டது. அவருடைய படுக்கையறை ஒரு முழம் குறைந்திருந்தது. நிலவறை விழுங்கியதைத் திருப்பித் தரவில்லை, இது அவருடைய பங்கிலிருந்தே போயிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. டேப் பையிலேயே இருந்தது, அவர் எடுக்கவில்லை. மனைவியைத் தட்டி எழுப்பினார். "போய் அக்காகிட்ட இன்னும் என்னென்ன வேணும்னு கேளு" என்றார்.

அக்கா அலமாரி கேட்டார், கட்டில் கேட்டார், காற்றுக்கு ஒரு ஜன்னல் கேட்டார். அந்த வருடத்துக்குள் சர்வேயர் வீட்டில் படுக்கையறை என்று ஒன்று இல்லாமல் போனது. கணவனும் மனைவியும் கூடத்தில் பாய் போட்டுப் படுக்கிறார்கள். கேட்டால், அங்கே காற்று நன்றாக வருகிறது என்கிறார்கள்.