மாப்பிள்ளை கேட்ட காரணம்

வாத்தியார் டயாலிசிஸ் மையத்தில் தன் எட்டாம் படுக்கையில் உட்காரவே இல்லை. டெய்லர் வழக்கமாகப் படுக்கும் ஏழாம் படுக்கையில் யாரோ ஓர் இளைஞன் போர்வையை இழுத்து மூடிப் படுத்திருப்பதைப் பார்த்தார். செஸ் அட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்த வழியே திரும்பிவிட்டார். "டெய்லர் வரலைன்னா எனக்கு மட்டும் எதுக்கு ஊசி? நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று முன்மேசையில் சொன்னபோது குரலில் கோபம்கூட இல்லை.

முன்மேசைக்காரி எழுந்தே விட்டாள். சிறுநீரகம் கைவிட்டவர் டயாலிசிஸைத் தள்ளிப்போடுவது விளையாட்டல்ல. முன்பு ஒருமுறை அப்படித் தவறவிட்டு, மூச்சுத் திணறலோடு அவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பக்கத்துப் படுக்கையில் டெய்லர் வந்து சேர்ந்த பிறகுதான் ஒழுங்காக வருகிறார். நாலு மணி நேரமும் செஸ் ஆடிச் சண்டை போட ஆள் இருந்தால்தான் கையை நீட்டுவார்.

"கொஞ்சம் உக்காருங்க சார், கேட்டுச் சொல்றேன்" என்று அவரை நாற்காலியில் அமர்த்திவிட்டுத் திரையைப் பார்த்தாள். டெய்லரைக் காலை நேரத்துக்கு மாற்றியது மாப்பிள்ளைதான்.

அட்டவணையைக் கவனிக்க வந்த ஏஐ உதவியாளருக்கு அவள் வைத்த பெயர் அது. வந்த புதிதில், பெண் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி எதைத் தொடுவதற்கும் கூச்சப்பட்டது. எதையும் பார்க்கலாம், மாற்றுவதென்றால் அவள் 'சரி' அழுத்த வேண்டும். கம்ப்யூட்டர்காரர் அப்படித்தான் அமைத்திருந்தார். அழுத்தி அழுத்திச் சலித்து, போன வாரம் அவளேதான் அவரிடம் சொன்னாள்: "நேரம் மாத்துறதை மட்டும் அதுவே பண்ணிக்கட்டும். தொணதொணன்னு உயிரை எடுக்குது."

ஏன் மாற்றினாய் என்று விசைப்பலகையில் தட்டிக் கேட்டாள். காலையில் ஓர் இயந்திரம் சும்மா இருந்தது, டெய்லரும் முன்பொருமுறை காலை நேரம் கேட்டிருந்தார், காத்திருந்த இன்னொருவருக்கு மதியம் இடம் கிடைத்தது என்று பணிவாகப் பதில் வந்தது. ஒன்றும் பொய்யில்லை. அவளைக் கேட்டிருந்தால் மட்டும் தடுத்திருப்பாளா? பாதி நேரம் பார்க்காமல்தானே அழுத்தினாள். இரண்டு கிழவர்களின் சண்டையை அந்தத் திரையில் எந்தக் கட்டத்தில் எழுதி வைப்பது என்று யோசித்தால் வேடிக்கையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

டெய்லருக்கு ஃபோன் போட்டாள். "ரெண்டு பேரையுமே மாத்திட்டீங்கன்னு நெனச்சேம்மா. காலையில ஆளையே காணோம்." குரல் களைத்திருந்தது. "அவனைப் போக விடாதீங்க. வர்றேன்."

அடுத்து கம்ப்யூட்டர்காரரை அழைத்து, மாப்பிள்ளைக்குக் கொடுத்த அனுமதியைத் திரும்ப எடுத்துவிடச் சொன்னாள்.

"அக்கா, பழையபடி எல்லாத்துக்கும் உங்களைக் கேட்டுக்கிட்டே இருக்கும். பரவால்லையா?"

"கேக்கட்டும். நானும் பாத்துட்டு அழுத்துறேன்."

டெய்லர் வாசலில் இருந்த கருவியில் வருகை அட்டையைத் தேய்த்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டே உள்ளே போனார். வாத்தியார் எழுந்து அவர் பின்னால் நடந்தார். சற்று நேரத்தில் திரை மினுங்கியது: 'இவருக்கு இன்றைய சிகிச்சை காலையிலேயே முடிந்துவிட்டது. இரண்டாவது வருகைப் பதிவு தவறாக இருக்கலாம். நீக்கவா?'

'வேண்டாம்' அழுத்தினாள். 'காரணம்?' என்றது மாப்பிள்ளை.

அவள் விரல்களை விசைப்பலகையில் வைத்தபடி, திறந்திருந்த கதவு வழியே பார்த்தாள். ஊசி ஏறிய கையை அசைக்காமல், மறு கையால் வாத்தியார் குதிரையை நகர்த்திக்கொண்டிருந்தார். இரண்டு படுக்கைகளுக்கும் நடுவே, ஸ்டூலில் உட்கார்ந்து சுவரில் தலை சாய்த்திருந்த டெய்லர் ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"அது செல்லாது. எடுத்த இடத்துலயே வை."